மருவை அறுக்க வேண்டாம், சுட வேண்டாம்

(கண்டிப் பிரதேசத் தோட்டக் கமிட்டிகளின் கூட்டத்தில் சங்கத்தின் சுகாதாரக் குழு சார்பில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றியும், வீட்டுக் காணியைப் பற்றியும், சேமலாப நிதியைப் பற்றியும் பேசும் இந்த மேடையில் மருவைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எங்கள் பதில் இதுதான். நமக்கு வங்கியில் முதல் இல்லை. நமது முதல் பத்து விரலும் இரண்டு காலும். கொழுந்து கிள்ளும் விரல் நுனியில் ஒரு மரு வந்து வெடித்தால் கிலோ குறையும். குதிகாலில் ஒரு ஆணி இருந்தால் சரிவில் ஏற முடியாது. கிலோ குறைந்தால் அன்றைய பேர் அரைப்பேராகும். ஆகவே இது சங்கம் பேச வேண்டிய விஷயம்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. மருவினால் யாரும் சாவதில்லை. ஆனால் மருவைப் போக்குவதற்காக நாமே செய்துகொள்ளும் வைத்தியத்தினால் விரல் கெட்டவர்களும், காலில் புண் வைத்து மாதக்கணக்கில் வேலைக்குப் போகாதவர்களும் நம் லயங்களில் இருக்கிறார்கள். நோய் சிறியது, வைத்தியம் பெரிய நோயாகிவிடுகிறது. அதைத் தடுக்கத்தான் இந்தப் பேச்சு.

மரு என்றால் என்ன?

மரு, பாலுண்ணி, ஆணி என்று நாம் பல பெயர் சொல்கிறோம். சிங்களத்தில் இன்னா என்பார்கள். கையிலும் முழங்காலிலும் சொரசொரப்பாக, பூக்கோவாவின் தலையைப் போல முளைப்பது சாதாரண மரு. உள்ளங்காலில் வருவது உடம்பின் பாரத்தால் வெளியே வளர முடியாமல் உள்ளுக்குள் அழுந்திக் கிடக்கும். அதனால்தான் ஆணி குத்துவது போல வலிக்கிறது. பிள்ளைகளின் முகத்தில் தட்டையாகச் சின்னச் சின்னதாக வருவது வேறொரு வகை.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு வைரஸ் கிருமி. ஆங்கில எழுத்துகளில் எச்.பி.வி. என்று அதைச் சொல்வார்கள். அதில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. கை மருவை உண்டாக்குவது ஒரு வகை, கால் மருவை உண்டாக்குவது இன்னொரு வகை. தவளையைத் தொட்டதால் மரு வருவதில்லை. இரத்தம் கெட்டுப் போனதால் வருவதில்லை. யாருடைய சாபத்தாலும் வருவதில்லை. ஆகவே இரத்தம் சுத்தமாக என்று சொல்லி விற்கும் போத்தல் மருந்துக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

இந்தக் கிருமி நல்ல தோலுக்குள் சுலபமாக நுழையாது. ஊறிப்போன தோல், வெடித்த தோல், கீறல் பட்ட தோல், இவைதான் அதற்கு வாசல். இப்போது நம் வேலையை நினைத்துப் பாருங்கள். விடியற்காலைப் பனியிலும் மழையிலும் நனைந்த செடிக்குள் நாள் முழுக்க கை. கொழுந்துச் சாறு பட்டுக் கறுத்து வெடித்த விரல் நுனி. செருப்பில்லாத கால், அட்டை கடித்த இடத்தில் சொறிந்த காயம். பிறகு எல்லோரும் ஒரே பீலியடியில் குளிக்கிறோம், ஒரே கல்லில் குதிகாலைத் தேய்க்கிறோம். மருவுக்கு இதைவிட நல்ல வசதி வேண்டுமா?

ஒருவருக்கு இருக்கும் மரு அவருடைய உடம்பிலேயே பரவுவதும் உண்டு. நகம் கடிக்கும் பிள்ளைக்கு நகத்தைச் சுற்றி வரும். சவரம் செய்யும்போது மருவின் மேல் பிளேட் பட்டால் அந்தக் கோட்டிலேயே வரிசையாக முளைக்கும். ஆகவே மருவைக் கிள்ளவும் கூடாது, கடிக்கவும் கூடாது, அதன் மேல் பிளேட் படவும் கூடாது.

மருவா, காய்ப்பா?

காலில் உள்ளதெல்லாம் மரு அல்ல. கவ்வாத்துக் கத்தி பிடித்த கையிலும், வெறுங்காலில் நடந்த காலிலும் காய்ப்பு விழும். அது வெறும் தடித்த தோல்.

வித்தியாசம் பார்க்க ஒரு வழி சொல்கிறோம். வெந்நீரில் காலை ஊறவைத்து, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். விரல் ரேகையைப் போல உள்ளங்காலிலும் ரேகை உண்டு. காய்ப்பு என்றால் அந்த ரேகை அதன் மேலேயே ஓடும். மரு என்றால் ரேகை விலகி ஓரமாகப் போகும். மருவின் நடுவில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள் தெரியலாம். அது அழுக்கும் அல்ல, வேரும் அல்ல. இரத்தம் உறைந்த நுண்ணிய இரத்தக் குழாய்கள். நேராக அழுத்தினால் வலிப்பது பெரும்பாலும் காய்ப்பு. இரு பக்கத்திலிருந்து நசுக்கினால் வலிப்பது பெரும்பாலும் மரு. இருந்தாலும் கடைசி முடிவைச் சொல்ல வேண்டியவர் டொக்டர்தான்.

லயத்தில் செய்யும் வைத்தியங்கள்

இனி நாம் வழக்கமாகச் செய்வதைப் பார்ப்போம். வெற்றிலைக்கு வைக்கும் சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் குழைத்து மருவின் மேல் வைப்பது ஒன்று. பெட்டரி அசிட்டை ஈர்க்கில் தொட்டு வைப்பது இன்னொன்று. கள்ளிப்பால், எருக்கம்பால், முந்திரிக் கொட்டை எண்ணெய், ஊதுபத்தி நெருப்பு, தலைமயிரால் இறுக்கிக் கட்டுவது, கடைசியாகப் பிளேட். இதில் ஒன்றையாவது செய்யாத வீடு குறைவு.

இவற்றால் சிலருக்கு மரு விழுந்திருக்கலாம். அதை நாங்கள் மறுக்கவில்லை. மருவின் மேல்தோலை எது எரித்தாலும் கொஞ்சம் குறையத்தான் செய்யும். ஆனால் சுண்ணாம்புக்கும் பெட்டரி அசிட்டுக்கும் மரு எது, நல்ல தோல் எது என்று தெரியாது. எவ்வளவு பலம் என்ற அளவும் கிடையாது. அது தோலைத் தாண்டி உள்ளே தின்னும். விரல் மூட்டின் மேல் அப்படி ஒரு தழும்பு விழுந்தால் விரல் மடங்காது. கள்ளிப்பாலும் எருக்கம்பாலும் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. பிளேடால் அறுத்தால் இரத்தத்தோடு கிருமி பக்கத்துத் தோலில் பரவும், ஒன்று இருந்த இடத்தில் நாலு முளைக்கும். துருப்பிடித்த பிளேடென்றால் ஏற்புவலி அபாயமும் சேர்ந்து வரும்.

கோயிலில் உப்பும் மிளகும் போட்டு நேர்ந்துகொள்பவர்களும் நம்மிடையே உண்டு. நேர்த்திக்கடனை யாரும் குறை சொல்லவில்லை. அது தோலை எரிப்பதில்லை, யாருக்கும் கெடுதல் செய்வதில்லை. நேர்ந்த பிறகு மரு தானாக உதிர்ந்ததும் பல வீடுகளில் நடந்த உண்மைதான். அதற்கு வைத்தியர்கள் சொல்லும் விளக்கம், உடம்பே ஒரு நாள் அந்தக் கிருமியை அடையாளம் கண்டு துரத்திவிடுகிறது என்பது. பிள்ளைகளுக்கு வரும் மருவில் மூன்றில் இரண்டு பங்கு, ஒன்றும் செய்யாவிட்டாலும் இரண்டு வருடத்துக்குள் மறைந்துவிடும். பெரியவர்களுக்கு இன்னும் நாளாகும்.

ஆகவே முதலாவது வைத்தியம் காத்திருப்பது. வலி இல்லை, பரவவில்லை, வேலைக்கு இடைஞ்சல் இல்லை, பிள்ளை நல்ல சுகத்தோடு இருக்கிறது என்றால் அதை அப்படியே விட்டுவிடலாம். இதைச் சொல்லும் டொக்டர் நம்மைத் தட்டிக் கழிக்கிறார் என்று நினைக்க வேண்டாம்.

பாமசியில் கிடைக்கும் மருந்து

காத்திருக்க முடியாது, வலிக்கிறது, வேலை கெடுகிறது என்றால் இரண்டாவது வழி சலிசிலிக் அசிட். பெயரில் அசிட் என்று இருந்தாலும் பெட்டரி அசிட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பலம் அளந்து செய்த மருந்து இது. சின்னப் போத்தலில் பூசும் மருந்தாகவும், களிம்பாகவும், ஒட்டும் பிளாஸ்டராகவும் வருகிறது. பூசும் மருந்து பெரும்பாலும் 17 சதவீதம் அளவில் இருக்கும். உள்ளங்கால் போன்ற தடித்த தோலுக்கு அதைவிடக் கூடிய பலத்திலும் கொடுப்பார்கள்.

இதைச் செய்யும் முறைதான் முக்கியம். ஒழுங்காகக் கேளுங்கள், வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

முதலில், இரவு வேலையெல்லாம் முடிந்த பிறகு, மரு உள்ள இடத்தை இளம் வெந்நீரில் 5 முதல் 10 நிமிடம் ஊறவிடுங்கள்.

அடுத்து, வெள்ளையாக ஊறிய செத்த தோலை ஒரு சொரசொரப்பான கல்லாலோ, நகம் தேய்க்கும் அட்டையாலோ மெதுவாகத் தேய்த்து எடுங்கள். இரத்தம் வரும்வரை தேய்க்கக் கூடாது. அந்தக் கல்லை வேறு யாரும் பாவிக்கக் கூடாது, நீங்களும் நல்ல தோலில் பாவிக்கக் கூடாது.

பிறகு நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, மருவைச் சுற்றியுள்ள நல்ல தோலில் வெசலின் பூசுங்கள். மருந்து வழிந்தாலும் நல்ல தோல் தப்பும்.

கடைசியாக மருந்தை மருவின் மேல் மட்டும் வைத்து, காய்ந்ததும் பிளாஸ்டர் ஒட்டுங்கள்.

இதை நாள்தோறும் செய்ய வேண்டும். எத்தனை நாள்? 12 வாரம். நம்மில் பலர் தவறுவது இந்த இடத்தில்தான். நாலு நாள் பூசுகிறோம், மாற்றம் தெரியவில்லை, போத்தலைக் கூரை இடுக்கில் வைத்துவிட்டுப் பிளேடை எடுக்கிறோம். புண்ணாகிச் சிவந்தால் இரண்டு மூன்று நாள் நிறுத்திவிட்டு மறுபடியும் தொடங்குங்கள். ஆனால் கைவிடாதீர்கள்.

சிலர் இந்த மருந்தைத் தாமாகத் தொடவே கூடாது. சீனி வியாதி உள்ளவர்கள் காலில் பூசக் கூடாது. கால் மரத்துப் போனவர்கள், காலில் இரத்த ஓட்டம் குறைந்தவர்கள் பூசக் கூடாது. அவர்களுக்குப் புண் ஆனதே தெரியாது, தெரியும்போது விரலையே எடுக்க வேண்டிய நிலை வந்திருக்கும். முகத்திலும் மறைவிடத்திலும் யாருமே பூசக் கூடாது. கர்ப்பிணித் தாய்மாரும், சின்னப் பிள்ளைகளுக்குப் பூச நினைப்பவர்களும் டொக்டரிடமோ, குடும்பநல உத்தியோகத்தரிடமோ கேட்ட பிறகே செய்ய வேண்டும்.

கிளினிக்கில் உறையவைக்கும் வைத்தியம்

மூன்றாவது வழி, திரவ நைதரசனால் மருவை உறையவைப்பது. அதன் குளிர் பூச்சியத்துக்குக் கீழே 196 பாகை. பஞ்சிலோ, விசிறும் கருவியிலோ எடுத்து மருவின் மேல் சில விநாடிகள் வைப்பார்கள். சுள்ளென்று வலிக்கும். பிறகு கொப்புளம் வரலாம், சில வேளை இரத்தக் கொப்புளமாகவும் வரும். அதைக் குத்தி உடைக்க வேண்டாம். சுத்தமாக மூடி வைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் காய்ந்து உதிரும். நம்மைப் போன்ற கறுத்த தோலில் அந்த இடம் கொஞ்ச நாளுக்கு வெளுத்தோ, கறுத்தோ இருக்கலாம். ஒரு தடவையில் முடியாது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவையாகப் பல தடவை போக வேண்டும்.

இங்கேதான் நமக்குக் கணக்கு வருகிறது. தெல்தோட்டையிலிருந்தோ, கலஹாவிலிருந்தோ, ரங்கலையிலிருந்தோ கண்டிக்கு வந்து போவது என்றால் ஒரு நாள் முழுக்கப் போய்விடும். பஸ் காசும் போகும், அன்றைய பேரும் போகும். ஆகவே எதற்குப் போக வேண்டும், எதற்குப் போக வேண்டியதில்லை என்று தெரிந்திருப்பது நமக்கு மற்றவர்களைவிட அவசியம்.

இதற்கு உதவும் இரண்டு ஆராய்ச்சிகளைச் சொல்கிறோம். ஒன்று நெதர்லாந்தில் செய்து 2010இல் வெளியிட்டது. சாதாரண மரு உள்ளவர்களில், உறையவைத்தவர்களில் 100க்கு 49 பேருக்கு 13 வாரத்தில் மரு முழுதாகப் போனது. சலிசிலிக் அசிட் பூசியவர்களில் 100க்கு 15 பேருக்கு. ஒன்றும் செய்யாமல் இருந்தவர்களில் 100க்கு 8 பேருக்கு. ஆனால் அதே ஆராய்ச்சியில் உள்ளங்கால் மருவுக்கு இந்த வழிகளுக்குள் பெரிய வித்தியாசம் காணப்படவில்லை. மற்றது பிரித்தானியாவில் கால் மருவைப் பற்றிச் செய்து 2011இல் வெளியிட்டது. 12 வாரத்தில் உறையவைத்தவர்களிலும் 100க்கு 14 பேர், வீட்டில் சலிசிலிக் அசிட் பூசியவர்களிலும் 100க்கு 14 பேர்தான் குணமானார்கள்.

இதிலிருந்து நாம் படிக்க வேண்டிய பாடம் என்ன? கையில் உள்ள மரு வேலையைக் கெடுத்தால் கிளினிக்குக்குப் போவது பிரயோசனமானது, அந்த நாள் வீண் போகாது. கால் ஆணிக்கு, ஒரு தடவை டொக்டரிடம் காட்டி மருதான் என்று உறுதிசெய்த பிறகு, வீட்டில் பொறுமையாக மருந்து பூசுவது கிளினிக் வைத்தியத்துக்குக் குறைந்ததல்ல. காலுக்கு எந்த வைத்தியமும் மெதுவாகத்தான் வேலை செய்யும். மூன்று மாதத்தில் போகவில்லையே என்று மனம் உடையத் தேவையில்லை.

எதற்கும் அசையாத மரு

சிலருக்கு வருடக்கணக்கில் போகாது. அவர்களுக்கும் வழிகள் உண்டு, ஆனால் அவை தோல் வைத்திய நிபுணரின் கையில் இருக்க வேண்டியவை. மரக்க ஊசி போட்டு மின்சாரத்தால் சுட்டு, சுரண்டி எடுப்பது ஒன்று. உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்புவதற்காக மருவுக்குள்ளேயே ஊசி போடுவது இன்னொன்று. பிள்ளைகளுக்குப் போடும் எம்.எம்.ஆர். தடுப்பூசியைக்கூட இதற்குப் பாவிக்கிறார்கள். ஒரு மருவில் போட, மற்ற மருக்களும் சேர்ந்து உதிர்வதுண்டு. லேசர் வைத்தியமும், வேறு பலமான மருந்துகளும் இருக்கின்றன. அவற்றில் சில கர்ப்பிணிகளுக்கு ஆகாதவை. ஆகவே கர்ப்பமாக இருந்தால், இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும், கேட்கும் முன்பே டொக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. உள்ளங்காலில் உள்ளதை வெட்டி எடுக்கச் சொல்லி அவசரப்படாதீர்கள். மரு போனாலும் அந்த இடத்தில் விழும் தழும்பு ஒவ்வொரு அடியிலும் குத்தலாம், அது ஆயுள் முழுக்க இருக்கலாம். மரு மறுபடி வரவும் கூடும்.

பெரியவர் ஒருவருக்குத் திடீரென்று மரு உடம்பெங்கும் பெருகினால், உடம்பின் எதிர்ப்புச் சக்தி ஏன் குறைந்தது என்றும் பார்க்க வேண்டும். அதற்கு இரத்தப் பரிசோதனை கேட்டால் பயப்படாதீர்கள்.

மரு மாதிரி இருந்தும் மரு அல்லாதவை

டொக்டரிடம் ஒரு தடவையாவது காட்டுங்கள் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

முள் குத்திய காலில் மருவைப் போலத் தொடங்கி, மாதம் மாதமாகப் படர்ந்து பூக்கோவாவைப் போலாகும் ஒரு பூஞ்சண நோய் உண்டு. மண்ணில் வேலை செய்பவர்களுக்கு அது வருகிறது, நம் நாட்டிலும் காணப்பட்டிருக்கிறது. அதற்கு மரு மருந்து பூசிப் பயனில்லை.

மணல் ஈ கடித்து வரும் லீஷ்மேனியாசிஸ் இன்னொன்று. வலியில்லாத, கடிக்காத ஒரு முடிச்சாகத் தொடங்கிப் பிறகு நடுவில் புண்ணாகும். அநுராதபுரம், பொலன்னறுவை, குருநாகல், அம்பாந்தோட்டை போன்ற உலர்ந்த பக்கங்களில் அதிகம். அங்கே கட்டட வேலைக்கும், விவசாயக் கூலிக்கும் போய் வந்த நம் பிள்ளைகளுக்கு அப்படி ஒன்று இருந்தால், எங்கே வேலை செய்தோம் என்று டொக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அதற்கு ஊசி மருந்து உண்டு.

தோல் வெளுத்தோ, சிவந்தோ இருந்து, அந்த இடத்தில் சூடும் குளிரும் உறைக்காவிட்டால் அது தொழுநோயாக இருக்கலாம். தொழுநோய் நம் நாட்டில் ஒழிந்துவிடவில்லை. ஆனால் பயப்படும் காலம் ஒழிந்துவிட்டது. ஆறு மாதமோ, பன்னிரண்டு மாதமோ இலவசமாகக் கொடுக்கும் மாத்திரையால் முழுதாகக் குணமாகும். மறைத்து வைத்தால்தான் கை கால் கெடும்.

ஐம்பது வயதுக்கு மேற்பட்டவருக்குப் புதிதாக வந்து வேகமாக வளர்வது, தானாக இரத்தம் கசிவது, ஆறாத புண்ணாவது, கறுத்துப் பரவுவது, இவை தோல் புற்றுநோயாகவும் இருக்கலாம். ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் காட்டுங்கள்.

வெட்கத்தால் மறைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மறைவிடத்தில் வரும் மரு கை மருவிலிருந்து வந்ததல்ல, வேறு வகைக் கிருமி. ஆணோ பெண்ணோ, கணவனும் மனைவியும் சேர்ந்தே காட்ட வேண்டும். கண்டியில் அதற்கான அரச பாலியல் நோய்க் கிளினிக் இருக்கிறது. இலவசம், இரகசியம் காப்பார்கள். அந்தக் குடும்பக் கிருமியின் வேறு சில வகைகள்தான் பெண்களின் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் காரணம். அதைத் தடுக்க 2017ஆம் ஆண்டிலிருந்து அரசாங்கம் பாடசாலையில் ஆறாம் தரத்துப் பெண் பிள்ளைகளுக்கு ஊசி போடுகிறது. ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், வேண்டாம் என்று எந்தத் தாயும் தகப்பனும் மறுக்கக் கூடாது. 35 வயதான அக்காமார் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போய் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கை மருவுக்கு அந்த ஊசியும் தேவையில்லை, அந்தப் பயமும் தேவையில்லை.

எங்கே, எப்படிப் போவது?

முதலில் தோட்ட டிஸ்பென்சரி அல்லது பக்கத்து அரச வைத்தியசாலை. அங்கே காட்டி, தேவையென்றால் தோல் கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள். கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பேராதனை போதனா வைத்தியசாலையிலும் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. அரச வைத்தியசாலையில் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. எந்த நாள், எத்தனை மணிக்கு என்று முதலே கேட்டுக்கொண்டு போங்கள். எவ்வளவு காலமாக இருக்கிறது, என்னென்ன பூசினீர்கள், சீனி, பிரஷர் மருந்து ஏதும் குடிக்கிறீர்களா என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். சுண்ணாம்பு வைத்தேன் என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம்.

மொழியைப் பற்றிய தயக்கம் நமக்கு நிறைய. 1987இல் அரசியலமைப்புக்குக் கொண்டுவந்த 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழி. விளங்கவில்லை, தமிழில் சொல்லுங்கள் என்று கேட்பது உரிமை, தயவு அல்ல. தனியாகப் போகத் தயங்குபவர்களோடு கமிட்டியிலிருந்து மொழி தெரிந்த ஒருவர் போக வேண்டும்.

சங்கம் செய்ய வேண்டியது

தோழர்களே, எல்லாவற்றையும் தொழிலாளியின் பொறுமையின் மேல் சுமத்திவிட்டு நாங்கள் இறங்கப் போவதில்லை. தோட்டத் தொழிலாளருக்கு வைத்திய வசதி செய்ய வேண்டியது முதலாளியின் பொறுப்பு என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1912ஆம் ஆண்டு மருத்துவத் தேவைகள் சட்டம் எழுதி வைத்தது. 1916இல் ரொக்கஃபெல்லர் நிறுவனத்தார் மாத்தளைத் தோட்டங்களில் கொழுக்கிப்புழுவுக்கு எதிராக வேலை தொடங்கியபோதும் கண்டது வெறுங்காலும் ஈர மண்ணும்தான். நூறு வருடத்துக்குப் பிறகும் நாம் அதே வெறுங்காலையும் அதே ஈர மண்ணையும் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் நிர்வாகத்தின் முன் மூன்று விஷயங்களை வைக்க வேண்டும் என்று கேட்கிறோம். கிளினிக் துண்டோடு போய் வந்தவரின் அன்றைய பேரை வெட்டக் கூடாது. மலைக்கும் மருந்தடிக்கும் வேலைக்கும் காலுக்குப் பொருந்தும் பூட்ஸ் கொடுக்க வேண்டும். பீலியடியில் தண்ணீர் தேங்காமல் சிமெந்துத் தளம் போட வேண்டும், டிஸ்பென்சரியில் பிளாஸ்டரும் காயத்துக்குக் கட்டும் துணியும் எப்போதும் இருக்க வேண்டும்.

நம் பக்கத்தில் நாமே செய்யக் கூடியதும் உண்டு. ஒரு தோட்டத்திலிருந்து நாலைந்து பேர் ஒரே கிளினிக் நாளில் சேர்ந்து போனால், வழியும் தெரியும், துணையும் கிடைக்கும், போகாமல் விடுபவர்களும் குறைவார்கள். வேலை முடிந்ததும் கையைக் கழுவித் துடைத்து, வெடித்த இடத்தில் தேங்காய் எண்ணெயோ, வெசலினோ பூசுவதற்கு அதிகக் காசு வேண்டாம். மரு உள்ளவர் பீலிக்குச் செருப்போடு போகட்டும், துவாயும் கல்லும் பிளேடும் தனியாக வைத்துக்கொள்ளட்டும். ஆனால் அவரை யாரும் ஒதுக்கி வைக்கக் கூடாது. மரு உள்ள பிள்ளை பாடசாலைக்குப் போகலாம், விளையாடலாம். மரு உள்ள அக்கா சமைக்கலாம், கொழுந்து பறிக்கலாம். மருவை ஒரு பிளாஸ்டரால் மூடினால் போதும்.

இன்று வீட்டுக்குப் போனதும் கைகளையும் கால்களையும், பிள்ளைகளின் பாதங்களையும் விளக்கு வெளிச்சத்தில் ஒரு தடவை பாருங்கள். சந்தேகமாக ஏதாவது தெரிந்தால் நாளைக் காலை பிரட்டுக்களத்தில் உங்கள் தலைவியிடம் சொல்லுங்கள். தலைவிமார் அந்தப் பெயர்களைக் குறித்துக்கொண்டு அடுத்த கிளினிக் நாளுக்கு ஆட்களைச் சேர்க்கட்டும். வேலையை நாளையே தொடங்குவோம்.